நூறு நடக்கிறது

எட்மண்டன், லண்டன்
02.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் எப்படி? காது இன்னும் மோசமாகி, போனில் எதுவும் பிடிபடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஐம்பத்தேழு நடக்கிறது. பிரஷர் குளிசை ஒன்று இரண்டாகியிருக்கிறது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்னாலும் கேட்க ஆளில்லை. சுவர்ணா சுகம். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவளும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

வட்சப்பில் எழுதச் சொல்கிறீர்கள். எழுதமாட்டேன். அதில் எழுதுவதை யாரும் யாருக்கும் தள்ளிவிடலாம். காகிதம் என்றால் யார் கையில் இருக்கிறது என்று தெரியும்.

உங்கள் மகள் அஜித்தா இங்கே வந்து பத்து மாதமாகிறது. என் வீட்டுக்கு வந்தது இரண்டே தடவை. முதியவர்களைப் பராமரிக்கிற நிறுவனம் ஒன்று விசா எடுத்துக் கொடுத்து அழைத்தது, சரி. இப்போது அவள் மோர்டனில் ஒரே ஒரு கிழவரின் வீட்டில் தங்கி வேலை செய்கிறாளாம். இதை எனக்குச் சொன்னது அவளில்லை, தில்லையம்பலம். அவனை மறந்திருக்கமாட்டீர்கள். பள்ளிக்கூட அணியில் கப்டனாக இருந்தவன். கடைசி வருஷத்துப் பெரிய மட்சில் என்னைப் பன்னிரண்டாவது ஆளாக இருத்தி, இரண்டு நாளும் தண்ணீர் காவ வைத்தவன். இப்போது இங்கே பழைய மாணவர் சங்கத் தலைவன். கோயிலில் கண்டபோது, "உம்மட மருமகள் பார்க்கிற கிழவர் ஸ்கொட்லாந்துக்குக் கிரிக்கெட் விளையாடினவராம். உமக்குத் தெரியாதோ?" என்றான். அந்தத் 'தெரியாதோ'வைச் சொல்லும்போது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்கொட்லாந்தில் ஏது கிரிக்கெட்? அங்கே மழையும் ஆடும்தான் இருக்கிறது. கவுன்சிலில் என் வேலை உங்களுக்குத் தெரியும். பார்க்கிங் தண்டம் வாங்கியவர்கள் எழுதும் முறையீடுகளை வாசிப்பது. பதினாறு வருஷமாக நாளுக்கு நாற்பது பொய் வாசிக்கிறேன். ஒரு வசனம் பொய்யென்றால் எனக்கு மணக்கும்.

தாய்மாமன் நான் இருக்க, தில்லையம்பலத்துக்கு முதலில் எப்படித் தெரிந்தது? விசாரித்து எழுதுங்கள்.

உங்கள் தம்பி
ஞானேஸ்வரன்


கோண்டாவில்
21.06.2024

அன்புள்ள தம்பி ஞானம்,

உன் கடிதம் பதினைந்து நாளில் வந்தது. முழங்கால் அப்படியே. குளிசையை ஒழுங்காகப் போடு. சுவர்ணாவோடு கொஞ்சம் கதை.

அஜித்தாவிடம் கேட்டேன். அவள் போனில் பெரிய எழுத்தில் அடித்து அனுப்புவாள், நான் கண்ணாடி போட்டு வாசிப்பேன். சனிக்கிழமைகளில் அந்தப் பெரியவரைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பக்கத்து மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போவாளாம். அங்கே எங்கள் பெடியன்களின் மட்சுக்கு வந்த தில்லையம்பலம் இவள் தமிழில் கதைப்பதைக் கேட்டு, ஆர் எவரென்று விசாரித்திருக்கிறார். அவ்வளவுதான். யாரையும் தேடிப்போய்ச் சொல்லவில்லை.

பெரியவரின் பெயர் டங்கன் ஓர்மிஸ்டன். மனைவி பிள்ளை இல்லை. நல்ல மனிசன் என்கிறாள். அவள் உன் வீட்டுக்கு வராததற்குக் காரணம் தூரம்தான். வாரத்தில் ஒரு பின்னேரம்தான் லீவு. லண்டனின் ஒரு நுனியில் நீ, மற்ற நுனியில் அவள். நீ ஒரு தடவை போய்ப் பார்த்தால் என்ன?

அன்புடன்
அக்கா செல்வமலர்


எட்மண்டன்
08.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடி போய்ப் பார்த்தேன். பஸ், ரயில், பிறகு நிலக்கீழ் ரயிலில் கடைசித் தரிப்பு வரை. ஒன்றே முக்கால் மணித்தியாலம். உங்களுக்குக் கால் நோகிறது, எனக்கு முதுகு.

அஜித்தா கதவைத் திறந்து, "மாமா, சொல்லிப்போட்டு வந்திருக்கலாமே" என்றாள். சொல்லிவிட்டுப் போனால் எதைப் பார்க்கலாம்?

கிழவர் சன்னலோரம் இருந்தார். நெடிய மனிதர். நாற்காலிக்குள் மடித்து வைத்தது போல இருந்தார். என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "பட்ஸ்மனா, போலரா?" பன்னிரண்டாவது ஆள் என்று நான் சொல்லவில்லை. போலர் என்றேன். "என்ன போடுவாய்?" ஒஃப் ஸ்பின் என்றேன். "பாவம்" என்றார்.

பிறகு தன் கதையைச் சொன்னார். கேளாமலே சொன்னார். இங்கிலாந்து எல்லைக்கு அப்பால் கலஷீல்ஸ் என்ற கம்பளி ஆலை ஊர். தகப்பன் நெசவு. இவரும் பதினான்கு வயதில் ஆலைக்குப் போனவர். தறியில் இடது சுட்டுவிரலின் நுனி போய்விட்டதாம். அதற்குப் பிறகுதான் பந்து திரும்பத் தொடங்கியதாம். கையை நீட்டிக் காட்டினார். நுனி இல்லை என்பது உண்மை. மற்ற விரல்களையும் எண்ணிப் பார்த்தேன். போர்க்காலத்தில் கடற்படைக் கப்பலில் சமையல். திரும்பி வந்து ஸ்கொட்லாந்துக்கு நான்கு ஆட்டம், ஐந்து விக்கெட், பதினொரு ஓட்டம். பதினொன்றில் நான்கு, பந்து விளிம்பில் பட்டுப் போனது என்றார். பொய்க்காரன் இப்படிக் குறைத்துச் சொல்வானா? அல்லது அப்படி நினைக்கவேண்டும் என்றுதான் சொல்கிறாரா? பிறகு லண்டனுக்கு வந்து ரயில் நிலையங்களுக்கு வரைபடம் கீறும் வேலை. எழுபத்தொரு வயது வரை மோர்டன் கழகம் ஒன்றில் ஆடியிருக்கிறார். ஜீன் என்ற மனைவி இறந்து இருபத்தாறு வருஷம்.

இவ்வளவு வயது வரை எப்படித் திடமாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "நான் ஓடிவந்து பந்து போட்டதில்லை. நடந்துவந்து போட்டவன்" என்றார்.

அஜித்தா கஞ்சி கொண்டு வந்தாள். "உப்புப் போட்டால்தான் குடிப்பார் மாமா. சீனி போட்டால் கோப்பையைத் தள்ளிவிடுவார். எனக்கும் உப்புக் கஞ்சிதானே. ரெண்டு பேருக்கும் ஒரே சட்டியில வைக்கிறன்" என்றாள். ஒரே சட்டி. கவனியுங்கள். வேலைக்கு வந்தவள் ஏன் ஒரே சட்டியில் வைக்கிறாள்?

இன்னொன்று. அவளுடைய அறையை எட்டிப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் காலால் அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் தாய். கேளுங்கள். உள்ளே என்ன?

உங்கள் தம்பி
ஞானேஸ்வரன்


கோண்டாவில்
30.07.2024

அன்புள்ள தம்பி,

நீ போய்ப் பார்த்தது எனக்குச் சந்தோஷம். ஆனால் முழுக்கடிதத்திலும் அவள் மெலிந்திருக்கிறாளா, கொழுத்திருக்கிறாளா என்று ஒரு வரி இல்லை.

பெட்டியைப் பற்றி நான் சொல்லாவிட்டால் நீ சும்மா இருக்கமாட்டாய். அதனால் சொல்கிறேன். உனக்கு மட்டும். அதில் ஒரு தொப்பி இருக்கிறது. பெரியவர் ஸ்கொட்லாந்துக்கு ஆடியபோது அவருக்குக் கொடுத்த கடும் நீலத் தொப்பி, முன்னால் முட்பூச் சின்னம் தைத்தது. மார்ச் மாதக் குளிரில் அவள் மருந்துக்கடைக்குப் போய் விறைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அன்றைக்கு அதை எடுத்துக் கொடுத்து, இனி இது உன்னுடையது என்றாராம். இவள் வேண்டாம் என்றாள். வாங்காவிட்டால் சாப்பிடமாட்டேன் என்று இரண்டு நேரம் பட்டினி கிடந்தாராம். அதற்குப் பிறகு வாங்கினாள். பராமரிக்கும் ஆளிடமிருந்து எதுவும் வாங்கக்கூடாது என்று நிறுவனத்தில் சட்டம். வாங்கினால் எழுதி அறிவிக்க வேண்டும். அறிவித்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள், அவர் மறுபடியும் சாப்பிடமாட்டார். அதனால் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். "அம்மா, இதை ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம்" என்று எழுதினாள். நீ ஒருத்தரில்லை என்று நினைத்து எழுதுகிறேன்.

அன்புடன்
அக்கா


எட்மண்டன்
27.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே கோடைகாலம் முடிந்துவிட்டது, உங்கள் பக்கம் வெயில் கொளுத்தும் என்று நினைக்கிறேன். குடை பிடித்துக்கொண்டு போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் சங்கத்தின் கிரிக்கெட் விழா. யார் பிரதம விருந்தினர் என்று நினைக்கிறீர்கள்? டங்கன் ஓர்மிஸ்டன். பின்னால் சேலையோடு உங்கள் மகள். தில்லையம்பலம் கிழவருக்குப் பொன்னாடை போர்த்தினான். "ஸ்கொட்லாந்தின் நூறு வயதுக் கிரிக்கெட் வீரர்" என்று ஒலிபெருக்கியில் மூன்று தடவை சொன்னான். கிழவர் நாற்காலியில் இருந்தபடி பந்தைப் போட்டார். நாலு முழம் உருண்டு நின்றது. சனம் எழும்பி நின்று கைதட்டியது. எனக்கு அந்த மைதானத்தில் ஒரு கதிரைகூட ஒதுக்கியிருக்கவில்லை. விழா மலரின் ஆசிரியர் குழுவில் ஒன்பது வருஷம் இருந்தவன் நான்.

சாப்பாட்டு வரிசையில் தில்லையம்பலம் என் தோளில் தட்டி, "உம்மட மருமகள் கெட்டிக்காரி ஐசே. உம்மைப் போலயில்லை. சிரிச்ச முகம்" என்றான்.

நான் அஜித்தாவிடம் கேட்டேன், "நூறெண்டு ஆர் சொன்னது?"

"நான்தான் மாமா சொன்னனான். நூறுதானே" என்று சொல்லிவிட்டுக் கிழவருக்குத் தண்ணீர் எடுக்க ஓடிவிட்டாள்.

இன்று காலை நூலகத்துக்குப் போனேன். பழைய கிரிக்கெட் ஆண்டுப் புத்தகம் ஒன்றில் ஓர்மிஸ்டனின் பெயர் இருக்கிறது. ஆடியது உண்மை, நான்கு ஆட்டமும் உண்மை. பிறந்த திகதி 17 நவம்பர் 1924. கணக்குப் பாருங்கள். தொண்ணூற்றொன்பது. நூறு இல்லை.

வயதைக் கூட்டிச் சொல்லி ஒரு கிழவரை மேடையேற்றினால் யாருக்குப் பெயர் வரும்? மேடையேற்றியவளுக்கு. ஒரே சட்டி, ஒளித்து வைத்த தொப்பி, இப்போது பொய் வயது. தனித்தனியாக எடுத்தால் ஒன்றுமில்லை. சேர்த்து வாசிக்க எனக்குத் தெரியும். அது என் தொழில். இதை அறியவேண்டிய இடத்துக்கு அறிவிப்பது ஒரு மனிதனின் கடமை என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

உங்கள் தம்பி
ஞானேஸ்வரன்


கோண்டாவில்
17.09.2024

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் இந்த முறை இருபது நாள் எடுத்தது. நேற்றுத்தான் கிடைத்தது, இன்றைக்கே பதில் எழுதுகிறேன். எங்கேயும் எதையும் அறிவிக்கவேண்டாம்.

நீ கணக்கில் பட்டம் எடுத்தவன். உன் ஜூன் மாதக் கடிதம் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. "எனக்கு ஐம்பத்தேழு நடக்கிறது" என்று முதல் பந்தியில் எழுதியிருக்கிறாய். நீ பிறந்தது அறுபத்தேழாம் ஆண்டு செப்டெம்பர் மாதம். ஜூனில் உனக்கு ஐம்பத்தாறு. அப்படியென்றால் நீ பொய்க்காரனா? எங்கள் ஊரில் வயதைக் கேட்டால் நடக்கிற வயதைத்தான் சொல்வோம். சாத்திரியாரும் அப்படித்தான் சொல்வார். அஜித்தா தில்லையம்பலத்துக்குத் தமிழில்தானே சொன்னாள். கேட்டுப் பார்த்தேன். "நூறு நடக்குது அங்கிள்" என்றாளாம். அவர் ஒலிபெருக்கியில் நூறு என்றார். எந்த யாழ்ப்பாணத்தானும் அப்படித்தான் சொல்லியிருப்பான். வெள்ளைக்காரன் பிழையென்று சொல்லலாம். நீ சொல்லலாமா?

இதைப் படித்ததும் எனக்கு ஒரு வரி எழுது. சரி அக்கா, விட்டுவிட்டேன் என்று மட்டும் எழுது.

அக்கா


எட்மண்டன்
06.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். காதுக்கு ஒரு நல்ல கருவி இங்கே இருக்கிறது. உங்கள் டொக்டரிடம் கேட்டு எந்த அளவு என்று எழுதினால் வாங்கி அனுப்புவேன். சுவர்ணா உங்களுக்கு ஒரு கம்பளிச் சால்வை எடுத்து வைத்திருக்கிறாள். மார்கழியில் உதவும்.

வயதைப் பற்றி நீங்கள் எழுதியது சரியாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் கடிதம் கிடைத்தது ஒக்டோபர் முதலாம் திகதி. கொஞ்சம் முந்திக் கிடைத்திருந்தால் நல்லது. தபால் இந்தக் காலத்தில் மிக மோசம்.

இங்கே மழை. இலை எல்லாம் விழத் தொடங்கிவிட்டது.

அஜித்தா ஏதாவது சொன்னாளா? அதாவது, வேலை எல்லாம் ஒழுங்காகப் போகிறதா?

உங்கள் தம்பி
ஞானம்


கோண்டாவில்
28.10.2024

தம்பி,

நான் சுகம். காதுக் கருவி வேண்டாம்.

அஜித்தா சொன்னாள். செப்டெம்பர் இருபத்தாறாம் திகதி அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். நிறுவனத்துக்கு ஒரு பெட்டிசம் போயிருக்கிறது. பெயர் போடாத பெட்டிசம். இவள் ஒரு முதியவரை மற்றவர்களோடு பழகவிடாமல் தன் கைக்குள் வைத்திருக்கிறாள், பொய் வயது சொல்லி மேடைகளில் காட்டுகிறாள், அவருடைய பெறுமதியான பொருளை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள் என்று. விசாரணை நடக்கிறது. அவள் ஜதுர்ஷிகா என்ற சிநேகிதியின் அறையில் தரையில் படுக்கிறாள். பெரியவரை ஒரு முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிறார்கள். டிசம்பர் இருபதாம் திகதிக்குள் முடிவு. வேலை போனால் விசாவும் போகும். அறுபது நாளுக்குள் வேறு நிறுவனம் கிடைக்காவிட்டால் திரும்பி வரவேண்டும். களவுப் பழியோடு வருகிறவளை எந்த நிறுவனம் எடுக்கும்?

தொப்பியைத் தானே கொடுத்ததாகப் பெரியவர் சொல்கிறார். ஆனால் இந்த வயதில் அவருடைய சொல்லை மட்டும் வைத்து முடிக்க ஏலாதாம். முறையிட்டவர் எதைக் கண்ணால் கண்டார் என்று தெரியவேண்டுமாம். அந்த ஆள் வந்து தன் பெயரைச் சொல்லி, கண்டது என்ன, காணாதது என்ன என்று சொன்னால், தொப்பியை அறிவிக்காத பிழைக்கு ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்று விசாரிக்கிற பெண் சொல்லியிருக்கிறாள். வராவிட்டால் சந்தேகம் சந்தேகமாகவே இருக்கும். அவர்களுக்குத் தேவை ஒரு பெயர்.

பெட்டிசத்தின் பிரதியை அஜித்தா படமெடுத்து அனுப்பினாள். இரண்டு பக்கம். நான் இருபத்தெட்டு வருஷம் இங்கிலீஷ் படிப்பித்தவள். நல்ல இங்கிலீஷ். ஒரு பிழை இல்லை. கட்டிலுக்குக் கீழே தகரப் பெட்டி, அதற்குள் நீலத் தொப்பி என்று எழுதியிருக்கிறது. அஜித்தா அந்தத் தொப்பியைப் பற்றி என் ஒருத்திக்குத்தான் சொன்னாள். நானும் ஒருவருக்குத்தான் எழுதினேன்.

அவள் தன்னோடு வேலை செய்கிற யாரோ ஒருத்தியைச் சந்தேகிக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இனிமேல் அவளைப் பற்றி உனக்கு எழுதமாட்டேன்.

செல்வமலர்


எட்மண்டன்
24.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகம் என்று எழுதியதை நம்புகிறேன். என் சுகத்தை நீங்கள் கேட்கவில்லை. அதில் எனக்குக் கோபமில்லை.

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முதலில் ஒரு நீண்ட பதில் எழுதினேன். தபாலை யாராவது பிரித்துப் பார்த்திருக்கலாம் என்று எழுதினேன். தில்லையம்பலத்தின் ஆட்கள் எங்கும் இருக்கிறார்கள் என்று எழுதினேன். நீங்கள் என்னை எப்போதுமே ஒரு படி கீழே வைத்துத்தான் பார்த்தீர்கள் என்றும் எழுதினேன். ஐந்து பக்கம். பிறகு அதை வாசித்தேன், அலுவலகத்தில் மற்றவர்களின் முறையீட்டை வாசிப்பது போல. கிழித்துவிட்டேன்.

புதன்கிழமை ஓர்மிஸ்டன் இருக்கும் இல்லத்துக்குப் போனேன். அஜித்தாவின் மாமன் என்று சொன்னதும் உள்ளே விட்டார்கள். மேசையில் அரசரிடமிருந்து வந்த வாழ்த்து அட்டை இருந்தது. மூன்று நாளுக்கு முன்னர்தான் அவருக்கு நூறு முடிந்திருக்கிறது. கேக்கில் ஒரு துண்டு வெட்டி, அதையும் தொடாமல் வைத்திருந்தார். நன்றாக மெலிந்துவிட்டார்.

"ஒஃப் ஸ்பின்" என்றார் என்னைக் கண்டதும். பிறகு, "அந்தப் பெண் எப்போது வருவாள்? இங்கே எல்லோரும் என்னோடு குழந்தையோடு கதைப்பது போலக் கதைக்கிறார்கள். அவள் ஒருத்திதான் என்னோடு சண்டை பிடிப்பாள். கஞ்சிக்குச் சீனி போட்டுக் கொண்டு வருகிறார்கள்" என்றார்.

ஐந்தாவது ஆட்டம் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டேன். அந்தக் காலத்தில் அணிக்குத் தெரிவானவர்களுக்கு வசந்தகாலத்தில் தபாலில் கடிதம் வருமாம். நான்கு வருஷம் வந்தது. ஐந்தாவது வருஷம் வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. விக்கெட் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன் என்றார்.

"தெரிவுக் குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரின் மரண அறிவித்தலையும் பத்திரிகையில் வெட்டி வைத்திருந்தேன். கடைசி ஆள் போய் முப்பது வருஷம்."

"வெட்டும்போது சந்தோஷமாக இருந்ததா?"

யோசித்துவிட்டுச் சொன்னார், "முதல் மூன்றும்."

அதற்குப் பிறகு அவர் நித்திரையாகிவிட்டார். நான் கொஞ்ச நேரம் இருந்தேன். ஒரு தாதி வந்து, நீங்கள் மகனா என்று கேட்டாள். கேள்விக்கு அர்த்தமே இல்லை. ஆனாலும் இல்லை என்று சொல்ல எனக்கு நேரமெடுத்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுக் குரோய்டனுக்குப் போனேன். நிறுவனத்தின் அலுவலகம் அங்கேதான். ட்ராமில் இருந்து இறங்கும்போது, முப்பத்துநான்கு வருஷத்துக்கு முன்னர் அகதியாக வந்து அதே ஊரில் வரிசையில் நின்ற நாள் ஞாபகம் வந்தது. அன்றும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன் முதலில் பெயரைத்தான் கேட்டான். இப்போதும் அதுதான். அவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. கொடுத்தேன். ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

சால்வையைத் தனிப் பார்சலாக அனுப்பியிருக்கிறேன்.

தம்பி
ஞானம்


கோண்டாவில்
09.12.2024

தம்பி ஞானம்,

சால்வை வந்தது. சுவர்ணாவுக்கு நன்றி சொல்.

உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். "அவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. கொடுத்தேன்" என்று எழுதியிருக்கிறாய். யாருடைய பெயர் என்று எழுதவில்லை. நீ எதையும் மறந்து எழுதாமல் விடுகிறவன் இல்லை.

கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். தில்லையம்பலத்தின் பெயரையா கொடுத்தாய்?

அவர் அப்படிச் செய்யக்கூடியவர் என்று நீ நம்புகிறாய் என்று எனக்குத் தெரியும். நாற்பது வருஷமாக நம்புகிறாய். அவருடைய பெயரை நீ நல்ல இங்கிலீஷில் சொல்லியிருந்தால் அந்தப் பெண் நம்பியிருப்பாள். பிறகு அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், அவர் இல்லையென்பார், என் பிள்ளையின் கதை இன்னும் சிக்கலாகும். திகதியும் தாண்டிப் போகும்.

யாரோ ஒருவர் வந்து வாக்குமூலம் கொடுத்ததாக மட்டும் அஜித்தாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். யாரென்று சொல்லவில்லை. நான் பகல் முழுவதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். சொந்தத் தம்பியைப் பற்றி இப்படி நினைக்கவேண்டி வந்ததே என்பதுதான் என் கவலை. நீ எனக்குப் பதில் எழுதினாலும் நான் நம்புவேனா என்று தெரியவில்லை. அதனால் எழுதாதே. அவர்கள் சொல்லட்டும்.

அக்கா


மோர்டன்
04.01.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் ஓர்மிஸ்டனும் சுகம். நீங்களும் மாமியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் போனில் எழுதுவதில்லை என்று அம்மா சொன்னதால் கடிதமாக எழுதுகிறேன். தமிழில் கடிதம் எழுதிப் பல வருஷம். பிழை இருந்தால் மன்னியுங்கோ.

டிசம்பர் பத்தொன்பதாம் திகதி என்னைக் குரோய்டனுக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள், வேலையைத் திருப்பித் தந்தார்கள். தொப்பியைப் பதிவில் எழுதி என்னிடமே வைத்திருக்க விட்டார்கள். முறையிட்டவரின் வாக்குமூலத்தைப் பார்க்க எனக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லித் தந்தார்கள். அரைப் பக்கம். "ஒரு மூடிய பெட்டியைத் தவிர நான் எதையும் கண்ணால் காணவில்லை. தொப்பியைப் பற்றி அவளுடைய தாய் என்னை நம்பி எழுதிய கடிதத்தில் இருந்து அறிந்தேன். வயதைப் பற்றி நான் எழுதியது பிழை, பிழையென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் மீது எனக்குக் குறையில்லை. வேறொருவர் மீது இருந்த குறையை அவள் மீது எழுதினேன்." கீழே உங்கள் முழுப்பெயரும் கையெழுத்தும்.

அம்மாவுக்கு அன்றைக்கே அனுப்பினேன். பெட்டிசம் எழுதியவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த, என்னோடு வேலை செய்கிறவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு நான் அப்படி நினைத்ததே தெரியாது.

மாமா, நான் உங்களோடு கோபமில்லை என்று எழுதினால் அது பொய். நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். மூன்று மாதம் தரையில் படுத்தேன். அவர் அந்த இல்லத்தில் ஏழு கிலோ இறங்கிவிட்டார். இப்போதுதான் இரண்டு கிலோ ஏறியிருக்கிறது.

அவர் உங்களைக் கேட்கிறார். "அந்த ஒஃப் ஸ்பின்னர் எங்கே? வரச்சொல்லு" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார். தன்னுடைய பழைய ஸ்கோர் புத்தகங்களை வாசித்துக் காட்ட ஆள் வேண்டுமாம். நான் வாசித்தால் புள்ளி எது, ஓட்டம் எது என்று தெரியாமல் வாசிக்கிறேனாம்.

செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை எனக்கு லீவு. நான் வெளியே போய்விடுவேன். வீட்டுக் கதவின் திறப்பு பக்கத்து வீட்டு யாக்கோப்பு அங்கிளிடம் இருக்கும், உங்கள் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். தேத்தண்ணிக்குப் பால் குளிர்சாதனப் பெட்டியில். அவருக்கு மூன்று மணிக்கு ஒரு குளிசை, மேசையில் எடுத்து வைத்திருப்பேன். தயவுசெய்து நாலு மணிக்கு முன்னர் வெளிக்கிடுங்கோ.

பெட்டிசம் எழுதினது யாரென்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சொல்லுவதென்றால் நீங்கள் சொல்லுங்கோ. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இப்படிக்கு
அஜித்தா